பலருக்குச் சொந்தமான கணினிகளில் வேலையைப் பங்கிடுவது எப்படி?

2017 நவம்பர் 9 அன்று இத்தாலியின் பொலோன்யா நகரில் குடிநீர்க் குழாய் ஒன்று உடைந்தது. பீறிட்ட தண்ணீர் தெரு மட்டத்துக்குக் கீழே இருந்த சி.என்.ஏ.எஃப். தரவு மையத்துக்குள் புகுந்தது. இத்தாலியின் தேசிய அணுக்கரு இயற்பியல் கழகத்துக்குச் சொந்தமான அந்தக் கணினிக் கூடம், ஜெனீவா அருகே 27 கிலோமீட்டர் சுற்றளவில் பூமிக்கடியில் இயங்கும் எல்.எச்.சி. துகள் மோதுவியின் தரவுகளைச் சேமித்து அலசும் முதல் நிலை மையங்களில் ஒன்று. சர்வர்கள் நின்றுபோயின. மையம் படிப்படியாகப் பழைய நிலைக்குத் திரும்பச் சில மாதங்கள் பிடித்தன. எல்.எச்.சி. ஆய்வுகளோ நிற்கவில்லை. பொலோன்யாவில் ஓடியிருக்க வேண்டிய பணிகள் வேறு நாடுகளின் மையங்களில் ஓடின. பொலோன்யாவின் காந்த நாடாக்களில் இருந்த மோதுவியின் மூலத் தரவுக்கு இன்னொரு படி ஜெனீவாவிலேயே பத்திரமாக இருந்தது.

மாற்றுக் கணினிகள் இருந்தன, அதனால் வேலை நடந்தது என்று சொல்லிவிடலாம். அது பாதிப் பதில்தான். அந்த மாற்றுக் கணினிகள் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவேயிலும், பிரான்சின் லியோனிலும், அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வகத்திலும் இன்னும் பல இடங்களிலும் இருப்பவை. ஒவ்வொன்றுக்கும் தனி முதலாளி, தனி நிதி, தனிப் பாதுகாப்பு விதி, தனிப் பராமரிப்பு நாள். ஜெனீவாவில் உட்கார்ந்திருப்பவர் எவருக்கும் அவற்றின் மீது ஆணையிடும் அதிகாரம் கிடையாது. அப்படியிருக்க, எந்த வேலை எந்த நாட்டின் எந்தக் கணினியில் எப்போது ஓடும் என்பதை யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? கிரிட் கணிமையில் கால் நூற்றாண்டுக்கும் மேலாக நடந்துவரும் ஆராய்ச்சியின் நடுவில் இருப்பது இந்தக் கேள்விதான்.

மின்சாரம் எங்கே உற்பத்தியாகிறது என்று அறியாமலே நாம் சுவிட்சைப் போடுவதைப் போல, கணிப்புத் திறனும் எங்கிருந்தோ வந்து சேர வேண்டும் என்ற கனவிலிருந்து கிரிட் என்ற பெயர் வந்தது. இயன் ஃபாஸ்டரும் கார்ல் கெசல்மனும் 1998ல் தொகுத்து வெளியிட்ட பெருநூல் அந்தப் பெயரை நிலைநாட்டியது. பிறகு எல்லா நிறுவனங்களும் தங்கள் பொருளுக்குக் கிரிட் என்று முத்திரை குத்தத் தொடங்கியபோது, 2002ல் ஃபாஸ்டர் மூன்று சோதனைகளை முன்வைத்தார். மையக் கட்டுப்பாட்டுக்கு உட்படாத வளங்களை ஒருங்கிணைக்க வேண்டும். எல்லோருக்கும் பொதுவான, திறந்த நெறிமுறைகளைப் பயன்படுத்த வேண்டும். தனித்தனியே கிடைப்பதைவிட மேலான சேவை கூட்டாகக் கிடைக்க வேண்டும். இவற்றில் முதலாவதுதான் ஆணிவேர் என்பது என் கருத்து. இன்றைய மேகக் கணிமைக்கும் கிரிட்டுக்கும் உள்ள வேறுபாடு அங்கேதான் இருக்கிறது. ஒரே நிறுவனத்துக்குச் சொந்தமான தரவு மையத்தில் பணிகளை ஒதுக்கும் ஷெட்யூலருக்கு ஒவ்வொரு சர்வரின் நிலையும் தெரியும், எதை வேண்டுமானாலும் நிறுத்தவும் நகர்த்தவும் உரிமை உண்டு. கிரிட்டின் ஷெட்யூலருக்கு அந்த அறிவும் இல்லை, அந்த உரிமையும் இல்லை.

உரிமை இல்லாத இடத்தில் வேலை வாங்குவதற்கான முதல் பாடம் கிரிட் என்ற பெயர் வருவதற்கு முன்பே கிடைத்துவிட்டது. அமெரிக்காவின் விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தில் மிரான் லிவ்னியும் உடன் பணியாற்றியவர்களும் 1988ல் காண்டர் என்ற மென்பொருளைப் பற்றி எழுதினார்கள். பேராசிரியர்களின் மேசைகளில் இருந்த கணினிகள் இரவிலும் உணவு வேளையிலும் சும்மா கிடந்தன. அந்த நேரத்தைப் பிடித்து மற்றவர்களின் கணக்குகளை ஓட்ட வேண்டும். ஆனால் கணினிக்கு உரியவர் திரும்பி வந்து விசைப்பலகையைத் தொட்ட நொடியில் விருந்தாளி வெளியேற வேண்டும். வெளியேறும்போது அதுவரை செய்த கணக்கை ஒரு கோப்பில் பதிந்துகொண்டு, வேறொரு காலிக் கணினியில் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். உரிமையாளர் தன் இயந்திரத்தைக் கடன் கொடுத்தார் என்பதற்காக அவருக்கு ஒரு சிறு தொல்லையும் வரக் கூடாது என்ற உறுதியே காண்டரின் அடித்தளம். அந்த உறுதி இல்லாமல் யாரும் கணினியைத் தந்திருக்க மாட்டார்கள். பிற்காலத்தில் எச்.டி.காண்டர் என்று பெயர் மாறிய அது இன்றும் உலகின் பல ஆய்வுக் கூடங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது.

1998ல் அதே குழு முன்வைத்த பொருத்தம் பார்க்கும் முறையைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். அதில் வேலையும் விளம்பரம் தருகிறது, இயந்திரமும் விளம்பரம் தருகிறது. வேலையின் விளம்பரம் இப்படி இருக்கும்: எனக்கு லினக்ஸ் வேண்டும், 4 ஜிபி நினைவகம் வேண்டும், பொருந்துபவற்றில் வேகமானது கிடைத்தால் நல்லது. இயந்திரத்தின் விளம்பரம் இப்படி: கால் மணி நேரமாக யாரும் விசைப்பலகையைத் தொடவில்லை என்றால்தான் வேலை ஏற்பேன், என் உரிமையாளரின் ஆய்வுக் குழுவைச் சேர்ந்தவர் கேட்டால் முன்னுரிமை தருவேன், இன்னாரின் வேலையை ஒருபோதும் ஏற்க மாட்டேன். இரு பக்கமும் ஒத்துப்போனால் நடுவர் இருவரையும் அறிமுகம் செய்துவைத்து விலகிக்கொள்வார். அதன் பிறகு அந்த இரண்டும் நேரடியாகப் பேசி மறுபடி உறுதி செய்துகொண்ட பின்னரே வேலை தொடங்கும். நடுவர் கையில் இருந்த தகவல் சில நிமிடங்கள் பழையதாக இருந்தாலும் இந்த இரண்டாவது உறுதிப்படுத்தலால் பெரும் தவறு நேராது. இயந்திரத்துக்கும் மறுக்கும் உரிமை உண்டு என்பதை நிரலின் இலக்கணத்திலேயே எழுதிவைத்தது இந்த வடிவமைப்பின் பெருமை.

லிவ்னி இன்னொரு வேறுபாட்டையும் வலியுறுத்தினார். ஒரு நொடியில் எத்தனை கணக்கு என்பது மீத்திறன் கணினிகளின் அளவுகோல். ஓர் ஆண்டில் எத்தனை கணக்கு முடிந்தது என்பதே பெரும்பாலான அறிவியலாளர்களுக்கு வேண்டியது. வேகத்தைவிடத் தொடர்ச்சி முக்கியம் என்ற இந்தப் பார்வைக்கு மிகப் பெரிய சோதனைக் களமாக அமைந்தது எல்.எச்.சி.

எல்.எச்.சி.க்குள் புரோட்டான் கற்றைகள் நொடிக்கு 4 கோடி முறை வரை ஒன்றையொன்று கடக்கின்றன. அங்கேயே இருக்கும் மின்னணுச் சல்லடைகள் பெரும்பாலானவற்றை உடனுக்குடன் எறிந்துவிட்டு மிகச் சிறு பகுதியை மட்டும் பதிவு செய்கின்றன. அப்படியும் ஆண்டுக்குப் பல பெட்டாபைட்டுகள் சேர்கின்றன. ஒரு பெட்டாபைட் என்பது 10 லட்சம் ஜிகாபைட். ஆனால் இந்தத் தரவுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. ஒரு மோதலை அலச இன்னொரு மோதலின் விடை தேவையில்லை. ஆகவே கோடிக்கணக்கான மோதல்களைச் சிறு கட்டுகளாகப் பிரித்துக் கட்டுக்கு ஒரு பணி என்று எங்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். பணிகள் ஒன்றோடொன்று பேசத் தேவையில்லாததால் அவை ஒரே கூடத்தில் இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

இவ்வளவையும் எல்.எச்.சி.யை இயக்கும் செர்ன் ஆய்வகத்திலேயே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்கலாம். அதற்கான பணமும் மின்சாரமும் அங்கே இல்லை என்பது ஒரு காரணம். ஒவ்வொரு நாடும் தன் அறிவியல் நிதியைத் தன் மண்ணில் உள்ள கணினிகளுக்கும் தன் பொறியாளர்களுக்கும் செலவிடவே விரும்பியது என்பது அதே அளவு வலுவான இன்னொரு காரணம். தொழில்நுட்பக் கட்டுரைகள் இரண்டாவது காரணத்தை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. கிரிட்டின் வடிவத்தைத் தீர்மானித்ததில் அதற்குப் பெரும் பங்கு உண்டு என்பதே உண்மை. 1990களின் பிற்பகுதியில் மொனார்க் என்ற ஆய்வுத் திட்டம் அடுக்கு முறையை முன்மொழிந்தது. பூஜ்ய நிலையில் செர்ன், முதல் நிலையில் பெரிய தேசிய மையங்கள், இரண்டாம் நிலையில் பல்கலைக்கழகங்களின் கணினித் தொகுதிகளான கிளஸ்டர்கள். 2001ல் செர்ன் மன்றம் கிரிட் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. இன்று அது சுமார் 40 நாடுகளில் 170 மையங்களாகப் பரந்து, நாளொன்றுக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பணிகளை முடிக்கிறது. மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிளஸ்டரும் கொல்கத்தா வி.இ.சி.சி. மையமும் இந்தியாவின் இரண்டாம் நிலை மையங்கள், முன்னது எல்.எச்.சி.யின் சி.எம்.எஸ். ஆய்வுக்கும் பின்னது ஆலிஸ் ஆய்வுக்கும் உழைக்கின்றன. 2012 ஜூலை 4 அன்று ஹிக்ஸ் துகளை ஒத்த ஒன்று கண்டறியப்பட்டதாக அறிவிக்கப்பட்டபோது, அன்றைய செர்ன் தலைமை இயக்குநர் ரோல்ஃப் ஹோயர் முடுக்கியையும் ஆய்வுக் கருவிகளையும் பாராட்டிய அதே மூச்சில் கிரிட் கணிமையையும் சேர்த்துப் பாராட்டினார்.

அந்த இடத்துக்கு வந்து சேர்ந்த பாதை நேரானதல்ல. 2001ல் தொடங்கிய ஐரோப்பிய டேட்டாகிரிட் திட்டமும் அதைத் தொடர்ந்து வந்த ஈ.ஜி.ஈ.ஈ. திட்டமும் தரகர் முறையை நம்பின. ஆய்வாளர் தன் வேலையின் தேவைகளை ஒரு சிறு கோப்பில் எழுதுவார். வழக்கமாகப் பன்னிரண்டு மணி நேரம் செல்லும் மின்னணு அடையாளச் சீட்டை இணைத்து வளத் தரகர் எனப்படும் சர்வருக்கு அனுப்புவார். தரகர் தகவல் பலகையைப் பார்ப்பார். எந்த மையத்தில் எத்தனை கோர்கள் (செயலியின் தனித்தனிக் கணிப்பு அலகுகள்) காலி, எத்தனை பணிகள் காத்திருக்கின்றன, எவ்வளவு நேரத்தில் இடம் கிடைக்கும் என்று மையங்கள் தாமே எழுதிவைக்கும் பலகை அது. மிகச் சிறந்த மையத்தைத் தேர்ந்தெடுத்து வேலையை அங்கே தள்ளிவிடுவார். அங்கே போனதும் அந்த மையத்தின் சொந்த வரிசையில் வேலை நிற்கும்.

தாளில் இதற்குக் குறையே சொல்ல முடியாது. நடைமுறையில் பலகையின் தகவல் எப்போதும் சில நிமிடங்கள் பழையது. ஒரு மையம் 200 கோர்கள் காலி என்று எழுதிய மறுகணமே பல தரகர்கள் ஒரே நேரத்தில் அதைப் பார்த்து ஆளுக்கு நூறாகப் பணிகளை அங்கேயே தள்ளுவார்கள். பலகை புதுப்பிக்கப்படும்போது அங்கே நீண்ட வரிசை நிற்கும், பக்கத்து மையம் காலியாகக் கிடக்கும். காத்திருப்பு நேரம் பற்றிய மதிப்பீடுகளும் பல நேரங்களில் பொய்த்தன. வரிசையில் மணிக்கணக்கில் நின்று கடைசியில் இடம் பிடித்த பணி, தனக்கு வேண்டிய ஒரு நிரல் தொகுப்பு அந்தக் கணினியில் இல்லை என்று தொடங்கிய நொடியிலேயே விழுந்துவிடுவதும் உண்டு. இதற்குள் அடையாளச் சீட்டின் நேரமும் முடிந்துபோயிருக்கும்.

இந்தக் கோளாறுகளில் மிகக் கொடியதைக் கிரிட் பொறியாளர்கள் கருந்துளை என்று அழைக்கிறார்கள். ஆயிரம் கணுக்கள், அதாவது தனிக் கணினிகள், உள்ள ஒரு மையத்தில் ஒரே ஒரு கணுவின் வட்டு நிரம்பிவிட்டது என்று வையுங்கள். அங்கே போகும் பணி தற்காலிகக் கோப்பை எழுத முடியாமல் ஐந்து நொடியில் தோற்றுவிடும். உடனே அந்தக் கணு காலி என்று கணக்காகும். ஷெட்யூலர் அடுத்த பணியை அனுப்பும், அதுவும் தோற்கும். மற்ற கணுக்களில் ஒரு பணி பல மணி நேரம் ஓடிக்கொண்டிருக்க, இந்த ஒன்று மட்டும் நிமிடத்துக்கு ஒரு டஜன் பணிகளை விழுங்கும். இரவில் யாரும் கவனிக்காவிட்டால் விடிவதற்குள் வரிசையில் நின்ற ஆயிரக்கணக்கான பணிகள் மொத்தமும் தீர்ந்துபோயிருக்கும். வெளியிலிருந்து பார்க்கும் தரகருக்கோ வரிசை மளமளவென்று நகரும் அருமையான மையமாக அது தெரியும், இன்னும் அதிக வேலையை அங்கே அனுப்புவார். ஆயிரத்தில் ஒரு பங்கு பழுது மையம் முழுவதையும் பயனற்றதாக்கிவிடுகிறது. கிரிட்டை இயக்கியவர்கள் இதை அனுபவித்துத்தான் கற்றார்கள்.

தீர்வு தரகரை இன்னும் புத்திசாலியாக்குவதில் கிடைக்கவில்லை, முடிவெடுக்கும் நேரத்தை மாற்றியதில் கிடைத்தது. எல்.எச்.சி.யின் நான்கு பெரிய ஆய்வுக் குழுக்களும் தனித்தனியாக ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன. ஆலிஸ் குழுவின் ஆலியென், எல்.எச்.சி.பி. குழுவின் டிராக், அட்லஸ் குழுவுக்காக 2005ல் தொடங்கப்பட்ட பாண்டா, சி.எம்.எஸ். குழு பயன்படுத்தும் கிளைடின் டபிள்யூ.எம்.எஸ். ஆகிய எல்லாவற்றின் உயிர்நாடியும் பைலட் எனப்படும் முன்னோடிப் பணிதான். பேருந்து நின்றதும் சன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான். யார் உட்காரப்போகிறார் என்பதைப் பிறகு முடிவு செய்துகொள்ளலாம்.

வேலை எதையும் சுமக்காத பைலட்டுகள் எல்லா மையங்களின் வரிசைகளிலும் போய் நிற்கும். இடம் கிடைத்ததும் பைலட் முதலில் அந்த இடத்தைச் சோதிக்கும். வட்டில் இடம் இருக்கிறதா, நினைவகம் போதுமா, வேண்டிய நிரல்கள் எட்டுகின்றனவா, வலைப்பின்னல் சரியாக இருக்கிறதா? ஏதாவது ஒன்று தவறினால் பைலட் அங்கேயே முடிந்துவிடும், இழப்பு ஒன்றுமில்லை. எல்லாம் சரி என்றால் தலைமை வரிசையைக் கூப்பிட்டு, இத்தனை கோர், இவ்வளவு நினைவகம், இவ்வளவு நேரம் கையில் இருக்கிறது, எனக்கு ஏற்ற வேலை எது என்று கேட்கும். அந்த நொடியில் எது மிக அவசரமோ அது இறங்கி வரும். ஓடும்போது பைலட் அவ்வப்போது தகவல் அனுப்பிக்கொண்டே இருக்கும். குறிப்பிட்ட நேரம் பேச்சுமூச்சு இல்லையென்றால் அந்தப் பணி தொலைந்ததாகக் கருதி வேறொரு பைலட்டிடம் ஒப்படைக்கப்படும்.

இந்த ஒரு மாற்றம் எத்தனை சிக்கல்களைத் தீர்த்தது என்று பாருங்கள். எங்கே காலி என்று ஊகிக்கத் தேவையில்லை, காலியாக இருக்கும் இடமே வந்து கேட்கிறது. பழைய தகவலை நம்பி ஒரே மையத்தில் குவிவதில்லை. கருந்துளைக் கணு பைலட்டுகளைத்தான் விழுங்க முடியும், உண்மையான பணிகள் தலைமை வரிசையில் பத்திரமாக இருக்கும். நேற்று மாலை அனுப்பிய வேலையைவிட இன்று காலை வந்த வேலை அவசரமானது என்றால் அதை முன்னே விடலாம், ஏனெனில் நேற்றையது எந்த மையத்துடனும் இன்னும் கட்டப்படவில்லை. பொலோன்யாவைப் போல ஒரு மையம் முற்றிலும் மறைந்தாலும் அங்கிருந்து பைலட்டுகள் கூப்பிடுவது நிற்கும், அவ்வளவே. மீதி வேலை மற்ற இடங்களிலிருந்து கூப்பிடும் பைலட்டுகளுக்குத் தானாகவே போய்ச் சேரும். கிரிட் கணிமை உலகுக்குத் தந்த மிக முக்கியமான அறிவு இதுதான் என்று நான் கருதுகிறேன்: முழு நிலவரமும் தெரிய வாய்ப்பே இல்லாத இடத்தில், சரியான முடிவை முன்கூட்டி எடுக்க முயல்வதைவிட, உண்மை கண்ணுக்குத் தெரியும் கணம் வரை முடிவை எடுக்காமல் வைத்திருப்பதே மேல்.

இதற்கு ஒரு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. முன்பு ஒவ்வொரு பணியும் அதன் உரிமையாளரின் பெயரோடு மையத்துக்கு வரும். இவர் வேண்டாம், அவர் வரலாம் என்று மையம் சொல்ல முடிந்தது. பைலட் வந்த பிறகு மையத்துக்குத் தெரிவது ஆய்வுக் குழுவின் பெயர் மட்டுமே. உள்ளே யாருடைய நிரல் ஓடுகிறது என்பது மையத்தின் பார்வையிலிருந்து மறைந்தது. தன் கட்டடத்தில், தன் மின்சாரத்தில், முகம் தெரியாத ஒருவரின் நிரல் ஓடுவதை எந்தப் பாதுகாப்பு அலுவலரும் எளிதில் ஒப்புக்கொள்ள மாட்டார். அடையாளத்தை உள்ளே போனதும் மாற்றித்தரும் ஜிஎல்எக்செக் என்ற கருவி புகுத்தப்பட்டது, அதை நிறுவுவது பற்றி ஆண்டுக்கணக்கில் வாதம் நடந்தது. பிற்பாடு ஒவ்வொரு பணியையும் தனிக் கொள்கலனில் அடைத்து ஓட்டும் நுட்பம் வந்து நிலைமையைத் தணித்தது. இந்த வாதத்தில் மையங்களின் பக்கமும் நியாயம் இருந்தது. பைலட் முறை, முடிவெடுக்கும் அதிகாரத்தைக் கணினி வைத்திருப்பவரிடமிருந்து கணினியைப் பயன்படுத்துபவருக்கு நகர்த்தியது. குழுக்கள் தங்கள் பயனாளர்களின் செயல்களுக்குப் பொறுப்பேற்று, யார் எப்போது எங்கே எதை ஓட்டினார் என்ற பதிவைக் கேட்டால் தருவோம் என்று உறுதியளித்த பிறகே அந்த அதிகார மாற்றம் நிலைத்தது.

மையத்தின் கையில் எஞ்சியிருப்பது பங்கீட்டு விகிதம். ஒரே கிளஸ்டரை அட்லஸ், சி.எம்.எஸ்., உள்ளூர் உயிரியல் துறை ஆகிய மூவரும் பகிர்கிறார்கள் என்றால் யாருக்கு எவ்வளவு? கடுமையான கோட்டா வைத்தால் ஒருவர் பயன்படுத்தாத நேரம் வீணாகும். யார் முதலில் வந்தாலும் சரி என்றால் பெரிய குழு எல்லாவற்றையும் அடைத்துக்கொள்ளும். இதற்குக் கண்டுபிடிக்கப்பட்ட வழி, கடந்தகாலப் பயன்பாட்டை நினைவில் வைத்து மெல்ல மறப்பது. எச்.டி.காண்டரில் ஒருவர் தொடர்ந்து 1000 கோர்களைப் பயன்படுத்தினால் அவருடைய கணக்கில் ஏறும் எண் 1000ஐ நெருங்கும். எண் பெரிதாக இருந்தால் முன்னுரிமை குறைவு. அவர் நிறுத்திவிட்டால், மென்பொருளின் இயல்பு அமைப்பின்படி அந்த எண் ஒரு நாளில் பாதியாகும். மறுநாள் 500, அதற்கடுத்த நாள் 250, பத்தாம் நாள் ஏறக்குறைய 1. கடன் தீர்ந்தது, புதியவருக்குச் சமமாக அவர் மீண்டும் வரிசைக்கு வரலாம். ஒரு நாள் என்பதை ஒரு வாரம் என்று மாற்றினால் மையத்தின் நீதி உணர்வே மாறிவிடும்: நேற்று அதிகம் பயன்படுத்தியவர் அடுத்த வாரமும் தண்டனை அனுபவிப்பார். அமைப்புக் கோப்பில் ஒரு நிர்வாகி மாற்றும் ஒற்றை எண்ணில் இவ்வளவு பெரிய கொள்கை முடிவு அடங்கியிருக்கிறது. அதை அந்த மையத்தின் ஆய்வாளர்கள் கூடி விவாதித்து முடிவு செய்வதே முறை.

நாடுகளுக்கு இடையிலான பங்கு வேறு தளத்தில் முடிவாகிறது. ஒவ்வோர் ஆண்டும் நாடுகள் இவ்வளவு கணிப்புத் திறன், இவ்வளவு வட்டு, இவ்வளவு நாடா தருவதாக வாக்குறுதி அளிக்கின்றன. ஆய்வுக் குழுக்களின் கோரிக்கைகளை ஒரு பரிசீலனைக் குழு ஆராய்கிறது. பழைய கோர் ஒரு மணி நேரம் உழைப்பதும் புதிய கோர் ஒரு மணி நேரம் உழைப்பதும் சமமல்ல என்பதால் பொது அளவுகோல் தேவைப்பட்டது. 2009 முதல் எச்.எஸ்.06 என்ற அளவும், 2023 முதல் உண்மையான இயற்பியல் நிரல்களைக் கொண்டே அளக்கும் ஹெப்ஸ்கோரும் அந்த வேலையைச் செய்கின்றன.

கோர்களைப் பொட்டலம் கட்டுவது இன்னொரு தலைவலி. முன்பு ஒரு பணிக்கு ஒரு கோர் போதும். நினைவகத்தை மிச்சப்படுத்த அட்லஸும் சி.எம்.எஸ்.ஸும் எட்டு கோர்களை ஒன்றாகப் பயன்படுத்தும் பணிகளுக்கு மாறின. ஒற்றைக் கோர் பணிகளால் நிரம்பிய கணுவில் எட்டு கோர்கள் ஒரே நேரத்தில் தாமாகக் காலியாகாது. ஒன்று காலியானதும் அதை நிரப்பாமல் வைத்து, அடுத்தது காலியாகக் காத்திருந்து, எட்டாவது வரும்வரை முதல் ஏழும் சும்மா இருக்க வேண்டும். அந்த இடைவெளியில் சிறு பணிகளைச் செருகலாம் என்பது 1995ல் அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தில் டேவிட் லிஃப்கா செய்துகாட்டிய உத்தி. அதற்குச் சிறு பணி எப்போது முடியும் என்று தெரிந்திருக்க வேண்டும், அந்த நேரத்தைப் பயனாளரே சொல்ல வேண்டும். பயனாளர்கள் சொல்லும் நேரம் உண்மைக்கு வெகு தூரம். பணி பாதியில் வெட்டப்பட்டுவிடுமோ என்ற அச்சத்தில் இரண்டு மணி நேர வேலைக்கு ஒரு நாள் என்று எழுதுகிறார்கள். எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தின் டிரோர் ஃபைட்டல்சனும் அஹுவா முவாலெமும் 2001ல் வெளியிட்ட ஆய்வு வியப்பான ஒன்றைக் காட்டியது. இந்த மிகை மதிப்பீடுகள் சில சூழல்களில் வரிசையின் ஒட்டுமொத்தச் செயல்பாட்டை மேம்படுத்துகின்றன. ஏனெனில் பணிகள் சொன்னதைவிட முன்னதாக முடியும்போது சிறு பணிகள் நுழையப் புதிய இடைவெளிகள் திறக்கின்றன.

தரவைப் பற்றி ஒரு வார்த்தை. நிரல் சிறியது, தரவு மலையளவு. ஆகவே தரவு இருக்கும் இடத்துக்கு வேலையை அனுப்பு என்பதே தொடக்க கால விதி. வலைப்பின்னல் பலவீனமாக இருக்கும் என்ற அச்சத்தில்தான் அடுக்கு முறையே கட்டப்பட்டது. செர்னுக்கும் முதல் நிலை மையங்களுக்கும் இடையே போடப்பட்ட தனி ஒளியிழைத் தடங்கள் எதிர்பார்த்ததைவிட நன்றாக உழைத்தன. அதனால் அடுக்குகள் இளகி, எந்த மையமும் எந்த மையத்திடமிருந்தும் கோப்பைப் பெறலாம் என்ற நிலை வந்தது. எந்தத் தரவுக் கட்டு அதிகம் கேட்கப்படுகிறது, எதை யாரும் சீந்துவதில்லை என்பதைப் பார்த்துப் படிகளைக் கூட்டவும் அழிக்கவும் இன்று ரூசியோ போன்ற மென்பொருள்கள் உள்ளன.

வளங்களுக்கு விலை வைத்தால் பங்கீடு தானாக ஒழுங்குபடும் என்று வாதிட்டவர்களும் உண்டு. ராஜ்குமார் புய்யா, டேவிட் ஆப்ரம்சன், ஜொனாதன் கிட்டி ஆகியோர் 2000 வாக்கில் ஆஸ்திரேலியாவில் உருவாக்கிய நிம்ராட்-ஜி, கெடு நாளையும் கையிருப்புத் தொகையையும் பயனாளரிடம் கேட்டு அதற்குள் அடங்கும் கணினிகளைத் தேடித் தந்தது. அறிவியல் கிரிட்டுகளில் இது வேரூன்றவில்லை. அங்கே பணம் வாக்குறுதியாக வருகிறது, ரசீதாக வருவதில்லை. அமேசான் 2009ல் மிச்சக் கணினிகளை ஏறி இறங்கும் விலைக்கு விற்கத் தொடங்கியபோது அதே சிந்தனைக்கு வேறொரு சந்தை கிடைத்தது.

இந்தியாவில் சி-டாக் நிறுவனம் 2000களின் நடுவில் கருடா தேசியக் கிரிட்டைத் தொடங்கியது. முதல் கட்டத்தில் 17 நகரங்களின் 45 நிறுவனங்களை இணைப்பது அதன் நோக்கம். சென்னை குரோம்பேட்டையில் உள்ள அண்ணா பல்கலைக்கழக எம்.ஐ.டி. வளாகத்தில் பேராசிரியர் தாமரைச்செல்வி சோமசுந்தரம் தலைமையிலான குழு கேர் என்ற வளத் தரகரை உருவாக்கி 2010ல் ஆய்விதழில் வெளியிட்டது. கேட்ட மென்பொருள் உள்ள கணினி கிரிட்டில் எங்கும் இல்லையென்றால், இருக்கும் கணினியின் மீதே அந்த மென்பொருளோடு கூடிய ஒரு மெய்நிகர் கணினியை எழுப்பித் தருவது அதன் சிறப்பு. பொருத்தமான இடம் இல்லை என்று கைவிரிக்காமல் இடத்தையே உருவாக்கும் இந்தச் சிந்தனை காலத்துக்கு ஏற்றதாக இருந்தது.

நம் கல்லூரிகளில் இத்துறையில் ஆய்வேடுகளும் எழுதப்படுகின்றன. அவற்றில் பலவற்றின் போக்கு குறித்து எனக்கு ஆழ்ந்த கவலை உண்டு. பணிகளைப் பல இயந்திரங்களுக்கு மிகச் சிறப்பாகப் பங்கிடுவது கணித நோக்கில் கடினமான வகையைச் சேர்ந்தது. ரொனால்ட் கிரகாம் 1966லேயே, வரிசையாக வருவதைக் காலியான இயந்திரத்துக்குக் கொடுத்துக்கொண்டே போனாலும் ஆகும் மொத்த நேரம் மிகச் சிறந்த பங்கீட்டைப் போல் இருமடங்குக்கு மேல் போகாது என்று நிறுவிவிட்டார். இந்த இடைவெளியைக் குறைக்க எறும்புக் கூட்டம், தேனீக் கூட்டம், மரபணு முறை என்று புதுப்புது வழிமுறைகள் சிமுலேட்டரில் ஓட்டப்படுகின்றன; சில விழுக்காடு முன்னேற்றம் காட்டும் வரைபடத்தோடு ஆய்வேடு முடிகிறது. அந்தச் சிமுலேட்டருக்குள் ஒவ்வொரு பணியின் நேரமும் முன்பே தெரியும், தகவல் ஒருபோதும் பழையதாகாது, எந்தக் கணுவின் வட்டும் நிரம்பாது, எந்த மையமும் மறுப்புச் சொல்லாது. உண்மையான கிரிட்டைக் கடினமாக்கும் காரணங்கள் அத்தனையும் நீக்கப்பட்ட களத்தில் கிடைக்கும் வெற்றி, உண்மையான கிரிட்டில் என்ன ஆகும் என்று சொல்லாது.

இதைச் சரிசெய்யப் பெரும் பணம் வேண்டியதில்லை. ஃபைட்டல்சன் பராமரிக்கும் பணிச்சுமை ஆவணக் காப்பகத்தில் உண்மையான கிளஸ்டர்களின் பல ஆண்டுப் பதிவுகள் உள்ளன. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தினர் தொகுத்த கிரிட் பணிச்சுமைக் காப்பகமும், பழுதுகளை மட்டும் பதிந்த தனிக் காப்பகமும் இருக்கின்றன. எந்தப் பணி எப்போது வந்தது, எவ்வளவு கேட்டது, எவ்வளவு எடுத்தது, எப்படி முடிந்தது என்பதெல்லாம் பணிச்சுமைக் காப்பகங்களில் வரிவரியாக இருக்கிறது. ஆய்வு மாணவர்களும் வழிகாட்டிகளும் அடுத்த வழிமுறையை எழுதுவதற்கு முன் அந்தப் பதிவுகளில் ஒன்றை எடுத்து ஓட்டிப் பாருங்கள்; தகவலைச் சில நிமிடம் பழையதாக்குங்கள், நூறில் ஒரு கணுவைப் பழுதாக்குங்கள், அதற்குப் பிறகும் உங்கள் முறை நிற்கிறதா என்று சொல்லுங்கள். அந்தக் காப்பகங்களில் உள்ள பதிவுகளைப் பதிவிறக்கக் கட்டணம் இல்லை.